மூணு டம்ளர், ஒரு மோதிரம்

(தலைப்பு: "குடும்பத்துக்கு நல்ல வழி காட்டுவது மனசு சொல்லும் நம்பிக்கையா, கணக்கு சொல்லும் உண்மையா?" கணக்கு அணியில், பல்லடத்தைச் சேர்ந்த ஆசிரியை பேசியது.)



நான் பல்லடத்திலிருந்து வருகிறேன். கோயமுத்தூரிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்டு, இன்னொரு பக்கம் கோழித் தீவன வாசம் வந்தால், கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, அது பல்லடம்தான். உங்க ஊர்க் கறிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டில் எழுதுகிற பிராய்லர் விலைக்கு, எங்க ஊரில் அறிவிக்கிற பண்ணை விலைதானுங்க அடிப்படை. அதனால் கணக்கு எங்களுக்குப் புதுசு இல்லை. குஞ்சு என்ன விலை, தீவனம் எத்தனை மூட்டை, எத்தனை நாளில் எத்தனை கிலோ என்று படிக்காத பாட்டிகூட விரலை மடக்கிச் சொல்லிவிடுவார். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரிலேயே எல்லாருக்கும் பிடிக்காத ஒரே டீச்சர்! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அழகாகச் சொன்னார். "மனசு பொய் சொல்லாது. முதலில் என்ன தோணுதோ அதுதான் சரி. அதை மாத்தினவன் கெட்டான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். அண்ணா, அந்த மனசை இந்த மேடையிலேயே ஒரு தடவை உரசிப் பார்த்துடலாமுங்களா? அய்யா, உங்க அனுமதியோட உங்ககிட்டயே ஆரம்பிக்கிறேன்.

மூன்று எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன் என்று வையுங்கள். ஒன்றின் அடியில் தங்க மோதிரம். மற்ற இரண்டும் காலி. எதில் மோதிரம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஒரு டம்ளரைத் தொடுங்க அய்யா.

நடுவர்: முதல் டம்ளர்.

சரிங்க. அதை நான் திறக்கவில்லை. மிச்சமிருக்கிற இரண்டில் காலியான ஒன்றை, மூன்றாவது என்று வையுங்கள், தூக்கிக் காட்டுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. இப்போது கேட்கிறேன். நீங்கள் தொட்ட முதல் டம்ளரிலேயே நிற்கிறீர்களா? இல்லை, இரண்டாவதுக்கு மாறிக்கொள்கிறீர்களா?

நடுவர்: இருக்கிறது ரெண்டு டம்ளர். இதுல இருந்தாலும் இருக்கும், அதுல இருந்தாலும் இருக்கும். அரைக்கு அரை. நான் ஏன்மா மாத்தணும்? மாத்தி மோதிரம் போச்சுன்னா வீட்டுல யார் பதில் சொல்றது? (சிரிப்பு)

அய்யா, உலகத்தில் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதிலைத்தான் நீங்களும் சொன்னீர்கள். ஆனால் கணக்கு வேறு சொல்லுதுங்க. மாறினால் மூன்றுக்கு இரண்டு தடவை மோதிரம் கிடைக்கும். மாறாமல் நின்றால் மூன்றுக்கு ஒரு தடவைதான். மாறுகிறவருக்கு இரண்டு மடங்கு யோகம்!

(அரங்கில் சலசலப்பு)

பார்த்தீங்களா? ஆரம்பிச்சாச்சு! முன் வரிசையில் ஒரு அய்யா தலையை ஆட்டுகிறார், பக்கத்தில் அம்மா அவரை முறைக்கிறார். இன்றைக்கு அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு லேட்டு. (சிரிப்பு) கவலைப்படாதீங்க. இந்தச் சண்டை அமெரிக்காவையே ஒரு கலக்குக் கலக்கிய சண்டை.

1975-ல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியல் பேராசிரியர் இந்தப் புதிரை ஒரு பத்திரிகைக்கு எழுதினார். அந்த நாட்டில் மான்டி ஹால் என்பவர் நடத்திய டி.வி. நிகழ்ச்சி ஒன்று பிரபலம். அவர் பெயரே புதிருக்கு நிலைத்துவிட்டது. 1990 செப்டம்பரில் மரிலின் வாஸ் சாவந்த் என்ற அம்மையார், கேள்வி பதில் பகுதி எழுதுகிறவர், உலகத்திலேயே அதிக அறிவுத்திறன் எண் கொண்டவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றவர், ஒரு வாசகர் கேட்டதற்குப் பதிலாக இதை எழுதினார். அதில் டம்ளர் இல்லை, மூன்று கதவு. ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்குப் பின்னால் ஆடு. ஆடு வந்தால் தோல்வியாம்! எங்க ஊர்ச் சந்தையில் வந்து கேட்டுப் பாருங்க, ஆடு என்ன விலை போகுதுன்னு. எங்க அப்பாரு இருந்திருந்தா காரை விட்டுட்டு ஆட்டைப் புடிச்சுட்டு வந்திருப்பாரு! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த அம்மா எழுதியது ஒரே பதில். "மாறு, அதுதான் லாபம்." அவ்வளவுதான். ஏறக்குறைய பத்தாயிரம் கடிதம் வந்து குவிந்தது. அதில் கிட்டத்தட்ட ஆயிரம் கடிதம் டாக்டர் பட்டம் வாங்கினவர்களிடமிருந்து. பெரும்பாலும் எல்லாமே திட்டுக் கடிதம். நாட்டில் கணக்கு அறிவு கெட்டுப் போனதற்கு உன்னைப் போன்றவர்களே காரணம் என்ற பாணியில் பேராசிரியர்கள் எழுதினார்கள். பெண்கள் கணக்கை வேறு மாதிரி பார்ப்பார்களோ என்று ஒருவர் எழுதினார். இந்த வசனத்தை நான் எங்க ஊர் டீக்கடையிலேயே கேட்டிருக்கிறேன், அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை! (கைதட்டல்)

அந்த அம்மா பின்வாங்கவில்லை. திருப்பித் திட்டவும் இல்லை. "பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வைத்து விளையாடிப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பல வகுப்பறைகளில் விளையாடினார்கள். மாறினவர்கள்தான் ஜெயித்தார்கள். திட்டி எழுதின சிலபேர் மன்னிப்புக் கேட்டும் எழுதினார்கள்.

இன்னொரு பெரியவர் கதையும் சொல்கிறேன். பால் ஏர்டிஷ் என்று ஹங்கேரி நாட்டுக் கணித மேதை. வாழ்நாளில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவர். நம்ம கொங்கு மண்ணில், ஈரோட்டில் 1887-ல் பிறந்த இராமானுஜன் மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. சென்னையில் சொற்பொழிவு செய்ததற்குக் கிடைத்த பணத்தை, இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுக்கச் சொன்ன மனிதர். (கைதட்டல்) அப்பேர்ப்பட்டவரிடம் 1995-ல் வாசோனி என்ற நண்பர் இந்தப் புதிரைச் சொன்னார். ஏர்டிஷ் என்ன சொன்னார் தெரியுமா? நம்ம நடுவர் அய்யா சொன்னதையேதான். "மாறினாலும் ஒண்ணு, மாறாவிட்டாலும் ஒண்ணு." அய்யா, நீங்க மேதை லிஸ்டுல சேர்ந்துட்டீங்க! (சிரிப்பு)

நண்பர் படம் போட்டு விளக்கினார். ஏர்டிஷுக்குக் கோபம் வந்ததே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப அந்த ஆட்டத்தை ஓட்டிக் காட்டினார். எண்ணைப் பார்த்த பிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார், அதுவும் அரை மனசோடு. இதைச் சொல்வது அவரைக் குறைத்துப் பேச இல்லீங்க. முதலில் தோன்றுகிற தோணல் எவ்வளவு பெரிய மனிதரையும் பிடித்துக்கொண்டு விடாது என்று காட்டத்தான்.

சரி, ஏன் மாறணும்? இப்படிப் பாருங்க. நீங்கள் முதல் டம்ளரைத் தொட்டீர்கள். மோதிரம் முதலாவதில் இருந்தால், மாறினால் தோற்பீர்கள். மோதிரம் இரண்டாவதில் இருந்தால், நான் மூன்றாவதைத்தான் தூக்க முடியும், மாறினால் ஜெயிப்பீர்கள். மோதிரம் மூன்றாவதில் இருந்தால், நான் இரண்டாவதைத்தான் தூக்க முடியும், மாறினால் ஜெயிப்பீர்கள். மூன்றில் இரண்டு. முடிந்தது கணக்கு.

இன்னும் ஒப்பலையா? மூன்றுக்குப் பதில் நூறு டம்ளர் வைப்போம். நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். மோதிரம் இருக்கும் இடம் தெரிந்த நான், மிச்சம் தொண்ணூற்றொன்பதில் தொண்ணூற்றெட்டைத் தூக்கி, எல்லாம் காலி என்று காட்டுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் தொடாமல் விட்டுவிட்டேன். அதை ஏன் விட்டேன்? இப்போதும் "என் டம்ளர்தான் எனக்கு" என்று உட்கார்ந்திருப்பீங்களா அண்ணா?

நடுவர்: அவர் உட்கார்ந்திருப்பார்மா. எதிரணித் தலைவர் சொன்னாலே நகரமாட்டார்! (சிரிப்பு)

இந்தப் புதிரை நான் எங்கள் வகுப்பில் நடத்தினேன். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, பேனா மூடியைக் கவிழ்த்து, உள்ளே புளியங்கொட்டை வைத்து விளையாடினார்கள். அன்றைக்கு ஒரு வீட்டில் புகைச்சல். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் தறி ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் நிற்கிறார். ராத்திரி ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே வந்திருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், பையனுக்கு இப்படியுங்களா சொல்லிக் குடுக்கிறது? ரெண்டு டம்ளர் இருக்குதுங்க. ஒண்ணுல இருக்குது, ஒண்ணுல இல்ல. அரைக்கு அரைன்னு சொல்லாம வேற என்னத்தைங்க சொல்றது? நான் சொன்னா, 'உங்களுக்குத் தெரியாதுப்பா'ங்கறான் என்ற பையன். அவுங்கம்மா முன்னாடி சொல்றானுங்க!"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிச்சீங்களா? "அவுங்கம்மா முன்னாடி." சண்டை டம்ளருக்காக இல்லீங்க. மரியாதைக்காக. எல்லா வீட்டிலும் அப்படித்தான். பேசுவது ஒன்றைப் பற்றி, வலிப்பது வேறு ஒன்று.

நான் அவரிடம் வாதாடவில்லை. "அண்ணா, நீங்களும் பையனும் முப்பது தடவை விளையாடுங்க. நீங்க மோதிரத்தை வைங்க, அவன் எடுக்கட்டும். அவன் ஒவ்வொரு தடவையும் மாத்தட்டும். அப்புறம் அவன் வைக்கட்டும், நீங்க எடுங்க. நீங்க ஒரு தடவையும் மாத்தாதீங்க. நோட்டுல கோடு போட்டுட்டு வாங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் கோடு போட்ட நோட்டு. பையன் பக்கம் கோடு, அப்பன் பக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முகத்தில் கோபம் இல்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"டீச்சர், நான் எடுக்கிறவனா இருந்த வரைக்கும் புரியலீங்க. வைக்கிறவனா உக்காந்தப்பத்தான் புரிஞ்சுது. பையன் காலி டம்ளரைத் தொட்டுட்டான்னா, எதைத் தூக்கறதுன்னு எனக்கு யோசனைக்கே இடமில்லீங்க. மோதிரம் இருக்கிறதைத் தூக்க முடியாது. அவன் தொட்டதைத் தூக்க முடியாது. மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். நான் எதை விட்டேனோ அதுதான் மோதிரம்னு நானே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சுங்க. அவன் மூணு தடவை தொட்டா ரெண்டு தடவை காலியைத்தானுங்களே தொடறான்!"

(நீண்ட கைதட்டல்)

பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதினதை எட்டாவது வரை படித்த தறிக்காரர் நாலு வரியில் சொல்லிவிட்டார். எப்படி முடிந்தது? எதிராளி உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். மாமியார் மருமகள் சண்டைக்கும், அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்கும் இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாதுங்க.

ஆனால், எதிர்த்துப் பேசின எல்லாரும் முட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது. அதுதான் இந்தப் புதிரிலேயே ருசியான இடம். நான் தெரிந்து தூக்கினேன். அதற்குப் பதிலாக, வீட்டுப் பூனை ஒன்று மேஜை மேல் ஏறி, நீங்கள் தொடாத இரண்டு டம்ளரில் ஒன்றைத் தட்டிவிட்டது என்று வையுங்கள். தற்செயலாக அது காலி. இப்போது மாறினால் லாபமா? இல்லை! இப்போது நிஜமாகவே அரைக்கு அரைதான். ஏனென்றால் பூனைக்கு மோதிரம் தெரியாது. அது மோதிரத்தையே தட்டிவிட்டிருக்கவும் கூடும்.

சன் டி.வி.யில் ரிஷி நடத்திய "டீலா நோ டீலா" பார்த்திருப்பீர்கள். அங்கே பெட்டியைத் திறக்கச் சொல்கிறவர் போட்டியாளர். அவருக்கு எதில் என்ன தொகை என்று தெரியாது. அதனால் கடைசியில் இரண்டு பெட்டி மிஞ்சினால் மாறுவதும் ஒன்று, மாறாததும் ஒன்று. பார்க்க ஒரே மாதிரி ஆட்டம், கணக்கு வேறே. தெரிந்தவர் திறந்தாரா, தெரியாதவர் திறந்தாரா என்பதுதான் விஷயம்.   அந்த விவரத்தைக் கவனிக்காவிட்டால், ஒவ்வொருவரும் அவரவர் மனசில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொல்லித் திட்டிக்கொள்வார்கள். நம்ம வீட்டில் நடக்காததா? "ஏன் லேட்டு?" என்று அம்மா கேட்பது பயத்தில். பையன் காதில் விழுவது சந்தேகம். அப்புறம் என்ன, ஒன்பது மணிச் செய்தி முடியும் வரைக்கும் சண்டைதான். (சிரிப்பு)

எதிரணியில் ஒரு தங்கை முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "டம்ளர் விளையாட்டால் குடும்பம் நடக்குமா அக்கா?" என்கிறார். நியாயமான கேள்வி கண்ணு. பதில் சொல்கிறேன்.

மனசு செய்கிற தப்பு இரண்டு வகை. டம்ளர் விளையாட்டில் புதுசாக ஒரு தகவல் வருகிறது, நிலைமை மாறுகிறது. மனசு "ஒண்ணும் மாறல" என்கிறது. இது முதல் வகை. இரண்டாவது வகை இதற்கு நேர் தலைகீழ். அங்கே ஒன்றுமே மாறியிருக்காது. மனசு மட்டும் "மாறியே தீரும்" என்று அடித்துச் சொல்லும். முதல் வகைத் தப்பில் ஒரு மோதிரம்தான் போகும். இரண்டாவது வகையில் குடும்பமே போகும். நான் பார்த்திருக்கிறேன்.

எங்க பெரியப்பா சொந்தமாக நாலு தறி வைத்து ஓட்டியவர். லாட்டரிப் பழக்கம். வெறுமனே வாங்க மாட்டார், கணக்குப் போட்டு வாங்குவார்! ஒரு நோட்டு வைத்திருந்தார். தினம் எந்தக் கடைசி நம்பருக்குப் பரிசு விழுந்தது என்று குறித்து வைப்பார். "ஏழு வந்து இருபது நாளாச்சு. இன்னிக்கு ஏழு வந்தே தீரணும்" என்பார். நோட்டைப் பார்த்தால் தணிக்கை அதிகாரி எழுதின மாதிரி இருக்கும், அவ்வளவு சுத்தம். ஆனால் குலுக்குகிற எந்திரத்திடம் நோட்டு இல்லையே அய்யா! நேற்று என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இல்லை. ஏழு இருபது நாள் வராவிட்டாலும் சரி, நேற்றுத்தான் வந்திருந்தாலும் சரி, இன்றைக்கு ஏழு வர வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஞாபகம் பெரியப்பாவுக்கு, எந்திரத்துக்கு இல்லை.

ஒவ்வொரு தறியாக விற்றார். கடைசியில் அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டினார். பெரியம்மா ஒரு நாளும் சத்தம் போட்டு அழுததில்லை. தறிச் சத்தத்தில் அழுதிருந்தாலும் கேட்டிருக்காது.

2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரியைத் தடை செய்தபோது எங்க தெருவில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் காகிதச் சீட்டு போய் செல்போன் ஆட்டம் வந்தது. 2025-ல் பணம் வைத்து ஆடுகிற இணைய விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டு வர வேண்டியிருந்தது. சட்டம் கடையைத்தான் மூடும். "இத்தனை தடவை தோத்தாச்சு, அடுத்தது ஜெயிச்சே ஆகணும்" என்று சொல்கிற மனசை யார் மூடுவது? கணக்குத்தான் மூட வேண்டும்!

(கைதட்டல்)

இன்னொன்று. இதைச் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, அவருக்கு மூன்று பெண் குழந்தை. மூன்றாவது பிரசவத்திலேயே ரொம்பச் சிரமப்பட்டார். இத்தோடு போதும் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆனால் அவர் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். "மூணு பொண்ணு ஆயிருச்சு. நாலாவதும் பொண்ணாவா பொறக்கும்? எங்கியாச்சும் நாலும் பொண்ணாப் பொறக்குமா? இந்தத் தடவை சிங்கக்குட்டிதான்!" சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனசார நம்பினார்கள். எதிரணி கேட்கிற அதே நம்பிக்கை.

கணக்கு என்ன சொல்கிறது? ஒவ்வொரு பிரசவமும் ஆண் பாதி, பெண் பாதி என்று வைத்துக்கொண்டால், கல்யாணம் ஆன அன்றைக்குக் கேட்டால் நாலும் பெண்ணாகப் பிறக்க வாய்ப்பு பதினாறில் ஒன்று. குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது கல்யாணத்தன்று இல்லையே! மூன்று பேர் ஏற்கனவே பிறந்து, முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறார்களே! மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிரசவம். அதில் பாதிக்குப் பாதி. அக்காமார் மூன்று பேர் என்று வயிற்றில் வளரும் கருவுக்கு யார் போய்ச் சொன்னது? பெரியப்பாவின் லாட்டரி நோட்டையே இவர்களும் வேறு அட்டை போட்டு வைத்திருந்தார்கள்.

நாலாவதும் பெண் குழந்தை. நங்கையா பிழைத்ததே பெரிய பாடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தரும் குழந்தையை வாங்கக் கையை நீட்டவில்லை. பழி யார் மேல்? "இவ வயித்துல பையன் தங்க மாட்டான்" என்று அவர் மேல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், குழந்தை ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது அப்பாவிடமிருந்து வருகிற குரோமோசோம் என்று. அந்த வராந்தாவில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லீங்க. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. 2011 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயது வரைக்குமான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 919 பெண்கள்தான். அதே சமயம் ஒரு கணக்கைச் சொல்கிறேன் கேளுங்க. மூன்று குழந்தை உள்ள எட்டு வீட்டை எடுத்தால், சராசரியாக ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாகவே இருக்கும். அது சாபம் இல்லை, தோஷம் இல்லை, மருமகள் வந்த நேரம் இல்லை. நாணயத்தை மூன்று தடவை சுண்டினால் எட்டில் ஒரு தடவை மூன்றும் பூவாக விழுவது போல. எட்டு வீட்டில் ஒரு வீடு! அந்த வீட்டு மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மனசு சொன்னது. விடுதலை செய்ய வந்தது கணக்கு!

(பலத்த கைதட்டல்)

எதிரணி அண்ணன் கேட்கலாம், "அப்போ மனசே வேண்டாமா? பாசம் வேண்டாமா?" வேணுமுங்க. அந்த நாலாவது குழந்தையை வராந்தாவில் முதலில் கை நீட்டி வாங்கியவர் என் மாமியார். "எனக்குப் பேத்தி பொறந்திருக்கா" என்று உரக்கச் சொன்னார். அது கணக்கு இல்லை, மனசுதான். எதை நேசிப்பது என்று மனசு சொல்லட்டும். எது நடக்கும், எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிற இடத்தில் மனசை உட்கார வைக்காதீர்கள். அந்த நாற்காலி அதற்கு ஆகாது. மனசு முதலில் பிடித்ததை விடாது. மாற்றித் தோற்றால் அதிகம் வலிக்கும் என்று பயந்தே மாறாமல் இருக்கும். நடுவர் அய்யா சொன்னாரே, "மாத்தி மோதிரம் போச்சுன்னா வீட்டுல யார் பதில் சொல்றது?" என்று. அந்த ஒரு பயம்தான் எத்தனையோ வீட்டில் தப்பான முடிவை ஆயுசு பூரா இழுத்துக்கொண்டு போக வைக்கிறது.

அதனால் வீட்டில் வாக்குவாதம் வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, இரண்டு பேரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறோமா என்று பாருங்கள். இரண்டு, புதுசாக ஏதாவது தகவல் வந்திருக்கிறதா, அதைச் சொன்னவர் தெரிந்தவரா, தட்டிவிட்ட பூனையா என்று பாருங்கள். (சிரிப்பு) மூன்று, முடிந்தால் செய்து பாருங்கள், நோட்டில் கோடு போடுங்கள். கோடு யாருக்கும் பயப்படாது. மாமனாருக்கும் பயப்படாது, மேதைக்கும் பயப்படாது.

அய்யா, குடும்பத்தைத் தாங்குவது அன்புதான். ஆனால் வழி காட்ட வேண்டியது கணக்கு சொல்லும் உண்மையே என்று தீர்ப்பு வழங்குங்கள். தீர்ப்பு எழுதும்போது முதலில் என்ன தோன்றுகிறதோ அதையே எழுதிவிடாதீர்கள். நாங்கள் இத்தனை பேர் இத்தனை டம்ளரைத் திறந்து காட்டியிருக்கிறோம். தயவுசெய்து மாறிக்கொள்ளுங்கள்!



(நீண்ட கைதட்டல்)